கடலைக் கட்டிய லத்தீன்

மகனே,

நீ வந்துபோன பின்பும் அந்த நாற்றம் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. நீ கழற்றிவிட்டுப் போன கோட்டை உன் அம்மா சாம்பல் போட்டுத் தோய்த்தாள், வேப்பிலை போட்டுத் தோய்த்தாள், கடைசியில் வேலியில் காயப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். தெருவில் திரியும் கழுதைகள்கூட அந்த வேலிப் பக்கம் ஒதுங்கவில்லை. சிப்பி அழுகுகிற நாற்றம் எனக்குப் புதிதல்ல. எடுத்த சிப்பியைக் கரையில் குவித்து, சதை அழுகிப் புழுத்து ஒழியும்வரை விட்டு, பிறகு கழுவி முத்துத் தேடுவதுதான் அந்தத் தொழிலின் முறை. மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் கிளாக்கராக இருப்பவன் சந்தனம் மணக்க வீட்டுக்கு வர முடியாது. அதற்காக நான் உன்னை அருவருக்கவில்லை. நான் அருவருத்தது நீ எங்கள் மேசையில் வைத்துச் சொன்ன கதையை. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு கடுமையான சொல்லை உனக்கு எழுதுவது சரிதானா என்று பலமுறை யோசித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். நடந்ததை ஒழுங்குபடுத்தி, எது முதல் எது பின் என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் என்னால் பேச முடியும். அதற்குள் ஆட்கள் எழுந்து கைகழுவப் போய்விடுவார்கள். ஆகவே எழுதுகிறேன். இன்று முகாமுக்குப் போகும் தோணியில் இதை அனுப்புகிறேன். வாழ்நாள் முழுவதும் உறையை இரண்டுமுறை ஒட்டி அனுப்பியவன், இதை ஒட்டாமல் அனுப்புகிறேன். வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும். அந்த முகாமில் மகன் வைத்திருக்கிற எந்தத் தகப்பனும் படிக்கலாம். வரும் திங்கட்கிழமை தோணிகளை ஆற்றுவாய்ப் பக்கத்துச் சிப்பிப் பாருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அறிந்தேன். அன்று விடியலில் நீ மறுபடியும் கரையில் நின்று ஓதினால், மழையில் ஆறு கலக்கிவிட்ட தண்ணீரில் மனிதர்கள் இறங்குவார்கள். அவர்கள் இறங்கக் கூடாது. இந்தக் கடிதத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று பார். முகாமில் கடல்கட்டி ஒருவன் இருந்தான். பரம்பரையாக, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவன். அவன் ஓதாமல், முத்தெடுக்க மூழ்கும் குளிகாரர் எவரும் கடலில் கால் வைப்பதில்லை. கிழவன், முகாமை நடத்தும் வெள்ளைக்காரத் துரையோடு ஏதோ மனஸ்தாபப்பட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டான். தோணிகள் கரையில் கிடந்தன. துரை முகம் சிவந்து கூடாரத்துக்கும் கரைக்குமாக நடந்தார். அப்போது உன் நண்பன் சவிரிமுத்து உன்னைக் காட்டிக் கொடுத்தான். அதை அவனே பெருமையாகச் சொன்னான், மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டு.

"மாஸ்டர், உங்கட மகன் இப்ப கடல்கட்டி! துரையே கை தட்டினவர், தெரியுமோ?"

உன் அம்மா அகப்பையோடு நின்றுவிட்டாள். "கடல்கட்டியோ? ஐயோ தம்பி, அது எங்கட வேதத்துக்கு ஆகாதெல்லே!"

"மந்திரம் இல்லை அம்மா," என்றாய் நீ. "அப்பா படிப்பிச்ச லத்தீன் இலக்கணம்தான். சாமிமார் பேசுற பாஷை எண்டு சவிரி ஒரு சொல்லுத்தான் சொன்னவன், குளிகாரர் எல்லாரும் தலைப்பாகையை அவிழ்த்துப்போட்டு நிண்டவங்கள். இருங்கோ, செய்து காட்டுறன்."

கதிரையில் ஏறினாய். மேசைத் துணியைத் தோளில் போட்டாய். கோயிலில் புனிதர்களின் பிரார்த்தனை பாடுகிற இராகத்தில், மொரித்தூருஸ், மொரித்தூரா, மொரித்தூரும் என்று தொடங்கினாய். உன் அம்மா சிரித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், ஒவ்வொரு சொல் முடிவிலும் பிரார்த்தனைக்குச் சொல்லும் பதிலைச் சொன்னாள். சவிரிமுத்து மேசையில் தாளம் போட்டான். ஒருமை முடிந்து பன்மைக்குப் போனாய். ஒரு பிழையும் இல்லை. எனக்குள் இருந்த வாத்தியார் அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டான் என்பதையும் எழுதிவிடுகிறேன்; அந்த வாத்தியார்மேலும் எனக்கு அருவருப்புத்தான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "ஏன் அந்தச் சொல்லை எடுத்தனீ?"

"நீளமான சொல் அப்பா. ஓத நல்லாயிருக்கும். அதோட," என்று சவிரியைப் பார்த்துக் கண்ணடித்தாய், "பொருத்தமும்தானே! துரைக்கு உடனே விளங்கீற்றுது. அவர் சிரிச்ச சிரிப்பிலை தொப்பி விழுந்திட்டுது. இவங்கள் நினைச்சாங்கள், துரைக்கே மந்திரம் பிடிச்சிட்டுது எண்டு."

"அதுக்குப் பிறகு?"

"பிறகென்ன, தோணி போச்சு. இப்ப ஒவ்வொரு விடியலும் நான்தான் ஓதுறன். அண்டைக்கே துரை தன்ரை கூடாரத்துக்குக் கூப்பிட்டவர். முட்டையும் பன்றியிறைச்சியும்."

"தபசு காலமெல்லே, தம்பி!" என்றாள் உன் அம்மா. அவளுக்கு உறுத்தியது அந்த இறைச்சி. எனக்கு எது உறுத்தியது என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் சந்தேகப்பிராணி. உன்மேல் குற்றம் சொல்லுமுன் சொல்லின் பொருளை உறுதிசெய்ய வேண்டுமென்று, கற்பித்த காலத்து இலக்கண நூலை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். மொரியோர் என்பது 'சாகிறேன்'. உருவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினை. சாவு நமக்குச் செய்யப்படுவதா, நாம் செய்வதா என்று ரோமருக்கே தெளிவில்லை போலும். அதிலிருந்து எச்சங்கள் பிறக்கின்றன. மொரியென்ஸ் என்றால் செத்துக்கொண்டிருப்பவன். மோர்த்துவுஸ் என்றால் செத்தவன். மொரித்தூருஸ் என்றால் சாகப்போகிறவன். விதிப்படி மோர்த்தூருஸ் என்றுதான் வந்திருக்க வேண்டும்; ஏனோ நடுவில் ஓர் இகரம் நுழைந்து அதை நீட்டிவிட்டது. அந்த நீளம்தான் உனக்குப் பிடித்திருக்கிறது. 'நல்லவன்' என்பதற்கான பொனுஸ் எப்படி வேற்றுமை ஏற்குமோ அப்படியே இதுவும் ஏற்கும். மொரித்தூருஸ் என்றால் சாகப்போகிறவன், மொரித்தூரி என்றால் சாகப்போகிறவனுடைய, மொரித்தூரோ என்றால் சாகப்போகிறவனுக்கு. பெண்ணானால் மொரித்தூரா, மொரித்தூரே. பலரானால் மொரித்தூரி, மொரித்தூரோரும், மொரித்தூரிஸ்.

நம்முடைய பெயரெச்சம் உருமாறாது. சாகும் மனிதன், சாகும் பெண்ணுக்கு, சாகும் பிள்ளைகளை. எங்கே வைத்தாலும் 'சாகும்' அப்படியே நிற்கும். லத்தீன் எச்சம் அப்படியல்ல. எந்தப் பெயரோடு சேர்கிறதோ அதன் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் தானும் எடுத்துக்கொள்ளும். ஆகவேதான் நீ ஒப்பித்து முடித்ததும் நான் எப்போதும் "யார்?" என்று கேட்பேன். நீ ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராஜா என்பாய், சேவல் என்பாய். ஒருமுறை, யோசிக்காமல், "அப்பா" என்றாய். அடுக்களையிலிருந்து உன் அம்மா ஓடிவந்தாள். "செத்த சொல்லுக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையோ உனக்கு?" என்று உன் காதைத் திருகினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாலும் எண்ணும் சரியாகப் பொருந்தியிருந்தனவே! இப்போது அந்த உதாரணத்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் அன்று கரையில் நீ ஓதியபோது உன் முன்னால் மனிதர்கள் நின்றார்கள், மகனே. ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் 'சாகப்போகிறவர்களே' என்று அவர்களுக்கு விளங்காத பாஷையில் அழைத்து, விளங்குகிற ஒருவரைச் சிரிக்க வைத்தாய். அந்தச் சிரிப்பை அவர்கள் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். இதைவிட அழுகிய ஒன்றை உன் சிப்பிக் குவியலில் நீ கண்டிருக்க மாட்டாய்.

விளங்காத பாஷை ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். உன் தங்கையை அடக்கம் செய்த நாளில் குருவானவர் குழியருகே நின்று லத்தீனில் செபம் சொன்னார். சுற்றி நின்றவர்களுக்கு அது ஒரு சத்தம். தூரத்துக் கடலிரைச்சல் போல அவர்களை ஆற்றியது. உன் அம்மா அந்தச் சத்தத்தில் சாய்ந்து நின்றாள். எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எது பெண்பால், எது ஒருமை, எது இறந்தகாலம் என்று எல்லாம் விளங்கியது. விளங்காமல் நிற்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஆனால் குருவானவர் அவர்களை ஏமாற்றவில்லை. விளங்கினாலும் விளங்காவிட்டாலும் அவர் சொன்னது பிள்ளைக்கான செபம். சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே அந்த நம்பிக்கை ஒன்றுதான் இருக்கிறது. அதில்தான் நீ துப்பினாய்.

இதுவரை எழுதி, 'குளிகாரரிடம் உண்மையைச் சொல்லிவிடு' என்று முடிக்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். அப்படி ஒரு கடிதம் எழுதியும் வைத்தேன். அதற்குள் எருக்கலம்பிட்டிக் காசிம் வந்தார். உனக்கு அவரைத் தெரியும்; உன் முகாமில் தோணியோடு இருக்கிறவர், வருடக்கணக்காக நமக்கு மீன் தந்தவர். ஒரு பெரிய கட்டாப் பாரைக் கருவாட்டை ஓலையில் சுற்றி எடுத்து வந்து படலையடியில் நின்றார்.

"வாத்தியார், இது தம்பிக்காக. தம்பி ஓதினாக் கடல் படுத்திருது. எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெத்திருக்கிறீங்க!"

உட்காரச் சொன்னேன். பழைய கடல்கட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கிழவனோ? சரியான கரைச்சல் வாத்தியார். தண்ணி கொஞ்சம் கலங்கினாப் போதும், 'இண்டைக்குக் கடல் கட்டுப்படாது' எண்டு சீலையை மூடிக்கொண்டு படுத்திருவான். துரை வந்து கத்தினாலும் எழும்பமாட்டான். எங்கட பிழைப்பில மண். தம்பி அப்படியில்லை. ஒரு நாளாவது மாட்டன் எண்டு சொன்னதில்லை."

"ஓதின பிறகு கிழவன் என்ன செய்வான்?"

காசிம் சிரித்தார். "கரையில குந்திக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பான். கடைசித் தோணி வந்து சேருமட்டும் பச்சைத் தண்ணியும் வாயில வைக்கமாட்டான். வச்சாக் கட்டு அவிண்டிருமாம். நாங்க சில நாளைக்கு வேணுமெண்டே மெல்லமா வருவம், கிழவனைக் காயவிட. கரையேறினதும் அவன் ஏசுற ஏச்சு இருக்கே, அதைக் கேக்கவே வரலாம்."

எனக்கு எது உறுத்தியது என்பது அப்போதுதான் பிரிந்து தெரிந்தது. அந்தக் கிழவனின் மந்திரத்தை நான் நம்பவில்லை. அதுவும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குள் ஒரு மனிதன் பட்டினியோடு உட்கார்ந்திருந்தான். கடலைப் பார்த்துக்கொண்டேயிருப்பவனுக்குத்தான் தண்ணீர் எப்போது கலங்குகிறது என்று தெரியும்; அவன்தான் 'மாட்டேன்' என்று சொல்வான். நீ அவனுடைய சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டாய். பட்டினியையும் 'மாட்டேன்' என்ற சொல்லையும் விட்டுவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டை தின்னப் போனாய்.

காசிம் வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய மகளின் புருஷன் இந்த முறை முதன்முதலாக முத்துக் குளிக்க இறங்குகிறான். திங்கட்கிழமை, ஆற்றுவாயில். மேலே மழை பெய்து ஆறு செம்மண்ணாக இறங்கிக்கொண்டிருக்கிறது. "கலங்கலில சுறா வந்தாத் தெரியாதுதான். தம்பி வாயைக் கட்டினா, வந்துதான் என்ன செய்யும்? எண்டாலும் மகள் பயப்படுறாள். அந்தச் சொல்லை ஒரு சீட்டில எழுதித் தாங்க வாத்தியார், பெடியன்ர கையில கட்டிவிடுறன்."

பேனையை எடுக்கவில்லை. எனக்கு வராத துணிவு எங்கிருந்தோ கொஞ்சம் வந்தது. "காசிம், அது மந்திரம் இல்லை. லத்தீன் இலக்கணம். 'சாகப்போறவன்' எண்டுதான் அதுக்கு அர்த்தம்," என்றேன்.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நீங்களும் அப்படித்தானோ! கிழவனிட்டக் கேட்டாலும் 'அது சும்மா தாலாட்டுப் பாட்டடா' எண்டுதான் சொல்லுவான். மந்திரம் வச்சிருக்கிற எவன்தான் உள்ளதைச் சொன்னான்? சொன்னாப் பலிக்காதே."

"சத்தியமா, காசிம்."

"சத்தியம் வேறையோ! அப்ப இது பெரிய மந்திரம்தான்." எழுந்துகொண்டார். முகத்தில் மனவருத்தம் தெரிந்தது. "பரவாயில்லை வாத்தியார். தரமாட்டீங்க எண்டா விடுங்க. தம்பியிட்டக் கேக்கிறன். தம்பி மாட்டன் எண்டு சொல்லாது."

கருவாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைச் சமைக்க வேண்டாமென்று உன் அம்மாவிடம் சொன்னேன். எல்லார்மேலும் எனக்கு வெறுப்பாக இருந்தது: மனிதரை அறியாமல் சிரிக்கும் துரைமேல், கிழவனைக் காயவிட்டு மகிழும் காசிம்மேல், உத்தியோகத்துக்காக இந்தப் பாஷையைப் பிள்ளைகளின் தொண்டைக்குள் இறக்கிய என் பிழைப்பின்மேல். ஆனால் கடலில் இறங்கப் போகிறவன் இவர்களில் ஒருவனுமில்லை. எங்கோ ஒரு வீட்டில் புது மனைவியின் முன்னால் பயத்தைக் காட்டாமல் இருக்கப் பாடுபடுகிற ஒரு பெடியன் அவன்.

ஆகவே அந்தப் பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவர்கள் அதை மந்திரக்காரனின் மறைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். நம்பிக்கை இன்னும் கூடும். உன் விளக்கத்தால் ஒரு பயனுமில்லை, உன் மன்னிப்பாலும் இல்லை. பயன்படக்கூடியது ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை விடியலில் நீ கரைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்க, 'இன்றைக்குக் கடல் கட்டுப்படாது' என்று சொல்ல வேண்டும். ஆறு தெளியும்வரை ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும். துரை கோபிப்பார். வேலை போகலாம். போகட்டும் என்று எழுதுவது எனக்கு எளிதல்ல. நான் தலைமைக் குருவிடமோ, பள்ளிக்கூட அதிகாரியிடமோ, கடன் கேட்டு வந்த உறவினரிடமோகூட ஒருமுறையும் 'மாட்டேன்' என்று சொல்லி அறியாதவன். அந்தச் சொல்லை உனக்குக் கற்பிக்காமல் விட்டது அதனால்தானோ என்று நினைக்கிறேன். எனக்கே தெரியாததை எப்படிக் கற்பிப்பேன்?

நீ சொல்வாய் என்று நம்பத்தான் விருப்பம். ஆனால் அந்த மேசையில் உன் முகத்தைப் பார்த்தவன் நான், நம்பிக்கை வரவில்லை. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் தோணி ஏறுகிறேன். உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஆள் நான்தான் என்று முகாமில் எல்லோருக்கும் காசிம் சொல்லியிருப்பார். சிஷ்யனின் ஓதலைவிடக் குருவின் சொல் அவர்களிடம் செல்லும். திங்கட்கிழமை கரையில் நின்று, கடல் கட்டுப்படாது என்று நான் சொல்வேன். நான் நம்பாத ஒரு பொய்யை, என் தள்ளாத வயதில், ஊர் பார்க்கச் சொல்லப் போகிறேன். இது பாவமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால் குருவானவருக்கும் தெரியுமோ என்னவோ. பெடியன் கரையில் நிற்பான் என்பது மட்டும் தெரியும்.

ஒரு பயம் இருக்கிறது. நான் சொன்னதும் துரை என்னைக் காட்டி உன் பக்கம் திரும்பி, இந்தக் கிழவன் என்ன சொல்கிறான் என்று இங்கிலீசில் கேட்பார். எனக்கும் இங்கிலீசு தெரியும்; ஆனால் அந்த நேரத்தில் என் நாக்கு எழாது. நீதான் சொல்ல வேண்டும். சவிரிமுத்து பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவான். துரை சிரிப்பதற்குத் தயாராக உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில், மகனே, பகிடியாக எதையும் சேர்க்காமல், நான் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்.

உன் அப்பா